பக்கத்து வீட்டுப் பட்டாவும் என் ஆதார் நகலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எதற்காக வந்தாலும், பலர் கடைசியில் வந்து சேர்வது தகவல் உரிமைச் சட்டத்தில்தான். ‘அவன் பேப்பரை நான் பார்க்க முடியுமா?’ என்று ஒருவர் கேட்பார். அடுத்த மாதம் அவரே வந்து, ‘என் பேப்பரை அவன் பார்க்காமல் தடுக்க வழி உண்டா?’ என்பார். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கத்திலிருந்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அரசு அலுவலகத்தில் இருக்கும் எந்தக் காகிதத்தையும் கேட்கலாமா?

கேட்கலாம். எல்லாம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் 1997-லேயே மாநிலச் சட்டம் ஒன்று வந்தது. இப்போது நாம் பயன்படுத்துவது 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ள மத்தியச் சட்டம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று அதன் 6(2) பிரிவு சொல்கிறது. எவற்றைத் தர மறுக்கலாம் என்பது 8-வது பிரிவில் இருக்கிறது. தனிமனித அந்தரங்கம் அதில் 8(1)(ஜெ). நம் ஊர் அலுவலகங்களிலிருந்து வரும் மறுப்புக் கடிதங்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

மனு எழுத உட்காரும்போது நான் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன். நாம் கேட்கும் காகிதத்தில் இருப்பது ஆபீஸ் செய்த காரியமா, ஆபீஸ் ஒருவரிடம் வாங்கி வைத்த விவரமா? வீடு கட்டும் திட்டத்தில் ஒருவருக்குப் பணம் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் பரிந்துரைத்தார், எந்தத் தேதியில் வந்து பார்த்தார்கள், அஸ்திவாரம் போட்டதாக எழுதிக் கையெழுத்திட்டவர் யார், எத்தனை தவணை போயிற்று என்பதெல்லாம் ஆபீஸ் செய்த காரியம். பயனாளியின் ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மாற்றுத்திறனாளி என்றால் டாக்டர் எழுதிய குறிப்பு, இவை அவரிடம் வாங்கி வைத்தவை. முதல் வகையை விடாமல் கேளுங்கள். இரண்டாவது வகை உங்களுக்கு எதற்கு என்று உங்களுக்கே பதில் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். முறைகேட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் முதல் வகைக் காகிதம்தான்.

2025-இல் சட்டத்தையே மாற்றிவிட்டார்களாமே, இனி யாருடைய விவரமும் கிடைக்காதா?

மாறியது உண்மை. ஆனால் கதவை முழுக்கச் சாத்திவிடவில்லை.

பழைய 8(1)(ஜெ) ஒரு தராசு மாதிரி இருந்தது. பொது நடவடிக்கையோடும் பொதுநலனோடும் தொடர்பே இல்லாத தனிப்பட்ட தகவல், அல்லது வெளியே விட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடும் தகவல் என்றால் மறுக்கலாம். அப்போதும் பெரிய பொதுநலன் இருப்பதாகத் தகவல் அலுவலருக்குத் தோன்றினால் கொடுக்க வேண்டும். கூடவே அழகான ஒரு வரி: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது.

2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அது பெரிய காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதன் தொடர்ச்சியாக 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 44(3) பிரிவு தகவல் உரிமைச் சட்டத்துக்குள் கை வைத்து, மேலே சொன்ன நிபந்தனைகளையும் அந்த அழகான வரியையும் எடுத்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது ‘தனிப்பட்ட தகவல் தொடர்பானது’ என்ற ஒரே வாசகம்தான். 2025 நவம்பரில் இது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

என் அபிப்பிராயம் கேட்டால், இந்த மாற்றம் தேவையில்லை. பழைய பிரிவிலேயே அந்தரங்கத்துக்கு இடம் இருந்தது. கொடுக்க மனமில்லாத அலுவலருக்கு அன்று ஒரு பத்தியாவது யோசித்து எழுத வேண்டியிருந்தது. இன்று ஒரு வரி போதும்.

ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது. வெளியிடுவதால் வரும் பொதுநலன், வெளியிடாமல் காக்கும் நலனைவிடப் பெரிதாக இருந்தால், எந்த விலக்கு இருந்தாலும் அலுவலகம் தகவலைத் தரலாம் என்கிறது அந்தப் பிரிவு. அதனால் காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் சொன்னாலும், அடுத்தவர் பெயர் வரும் எந்த மனுவிலும் இப்போது நான் ஒரு பத்தி சேர்த்துவிடுகிறேன்: ‘இதில் செலவானது பொதுப்பணம், இன்ன இடத்தில் வேலை நடந்ததாகத் தெரியவில்லை, ஆகவே 8(2)-இன் கீழ் பரிசீலிக்கவும்.’ மேல்முறையீட்டில் அந்தப் பத்தி கைகொடுக்கும்.

பக்கத்து விளையின் (தோட்ட நிலத்தின்) பட்டா, வில்லங்கம், பிரமாணம் (பத்திரம்) இதெல்லாம் பார்க்கலாமா? அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

வேண்டாம். இதற்குத் தகவல் உரிமைச் சட்டமே தேவையில்லை. நிலம் யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்தால்தான் ஒரே விளையை இரண்டு பேருக்கு விற்கும் வேலை நடக்காது. அதனால்தான் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே இதைத் திறந்து வைத்தது. அதன் 57-வது பிரிவைப் படித்தால் அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்று தெரியும்.

கிரையம், இஷ்டதானம், அடமானம் போன்ற நிலப் பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். உயில் ஏறுவது 3-ஆம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டும்தான் நகல். அவர் காலமான பிறகு யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும். 4-ஆம் புத்தகத்தில் உள்ள மற்ற பத்திரங்களின் நகல், அதில் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்.

‘அப்பா யாருக்கு எழுதி வைத்திருக்கிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி’ என்று ஒரு மகன் வந்தார். அப்பா நல்ல திடகாத்திரமாக வீட்டில் இருந்தார். 57-வது பிரிவை வாசித்துக் காட்டி, வீட்டுக்குப் போய் அப்பாவிடமே கேட்கச் சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு அவர் வரவில்லை.

வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு விவரங்கள் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் சர்வே எண் கொடுத்தால் வரும். ஆனால் பட்டா மாற்றத்துக்கு அவர் கொடுத்த அடையாள அட்டை நகல் அந்தப் பட்டாவோடு சேர்ந்து உங்களுக்கு வராது, வரவும் கூடாது.

எங்கள் குடும்பத்து ஆதாரம் (நிலப் பத்திரம்) மலையாளத்தில் இருக்கிறது. 1956-க்கு முந்திய பதிவேட்டைக் கேட்டால் ‘தனிப்பட்ட தகவல்’ என்கிறார்கள். சரியா?

சரியில்லை. நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதற்கு முந்திய காலத்துப் பத்திரங்கள் மலையாளத்தில் இருப்பது நம் மேற்குத் தாலுகாக்களில் புதிதல்ல. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு சொல்வது இது: நடந்து 20 வருடம் ஆன எந்த விஷயத்துக்கும் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது. நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் குறிப்பு என்ற மூன்று மட்டும் விதிவிலக்கு. அந்தரங்கம் அந்த மூன்றில் இல்லை. தாத்தா காலத்து நிலவரிப் பதிவேட்டுக்கு 8(1)(ஜெ) எழுதி அனுப்பினால், 8(3)-ஐக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள்.

‘எங்களிடம் இல்லை’ என்று பதில் வந்தால் அது வேறு பிரச்சினை. திருவிதாங்கூர் காலத்துப் பதிவேடுகள் பல திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். களியக்காவிளை தாண்டி ஒரு பஸ் பயணம், அவ்வளவுதான்.

அண்ணன் எடுத்த வாரிசுச் சான்றில் என் பெயரே இல்லை. அந்தக் கோப்பைக் கேட்டால், அண்ணனுடைய தனிப்பட்ட விவரம் என்று மறுத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன சகோதரிகள். கோபத்தோடு வருவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

இந்தக் கோப்பு அண்ணனுடையது மட்டும் அல்ல. செத்துப்போனவர் உங்களுக்கும் அப்பா. ‘அண்ணன் கொடுத்த எல்லாக் காகிதமும் வேண்டும்’ என்று எழுதினால் மறுக்கச் சுலபம். இப்படிக் கேளுங்கள்: விண்ணப்பத்தில் வாரிசுகள் என்று எழுதப்பட்ட பெயர்கள், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதிய அறிக்கை, வருவாய் ஆய்வாளரின் பரிந்துரை, யாரிடம் எந்தத் தேதியில் வாக்குமூலம் வாங்கினார்கள், சான்றில் கையெழுத்திட்டவரின் பதவி. அண்ணனின் ஆதார் எண்ணையும் போன் நம்பரையும் மறைத்துக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள். 10-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது: மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு வரிக்காக முழுக் கோப்பையும் பூட்டி வைக்க முடியாது.

அலுவலகம் 11-வது பிரிவின்படி அண்ணனுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். உங்கள் மனு கிடைத்த 5 நாளுக்குள் அனுப்ப வேண்டும், அவருக்குப் பதில் சொல்ல 10 நாள் அவகாசம், 40 நாளுக்குள் முடிவு. இங்கே பல அலுவலகங்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘மூன்றாம் நபர் சம்மதிக்கவில்லை, ஆகவே மறுக்கப்படுகிறது’ என்று எழுதிவிடுவார்கள். மூன்றாம் நபரின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. முடிவெடுக்க வேண்டியவர் தகவல் அலுவலர். பெயரை விட்டவரிடமே அனுமதி கேட்டால் அவர் ‘சரி’ என்றா சொல்வார்?

அரசு ஊழியரின் சம்பளமும் சொத்தும்?

சம்பளத்தை 4(1)(b) பிரிவின்படி அலுவலகமே யாரும் கேட்காமல் வெளியிட வேண்டும். சொத்துக் கணக்கு, வருமான வரித் தாக்கல், அவர்மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கை இவையெல்லாம் தனிப்பட்ட தகவல் என்று கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேர்தலில் நிற்பவர் மட்டும் தன் சொத்து, கடன், தன்மேல் உள்ள குற்ற வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், அதை யாரும் படிக்கலாம். ஆக, நம் எம்.எல்.ஏ.வின் மனைவியிடம் எத்தனை பவுன் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கையெழுத்துக்கு ஆறு மாதம் அலைய வைக்கும் ஆபீஸரின் சொத்தைத் தெரிந்துகொள்ள முடியாது.

ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது. கணவரின் சம்பளத்தை இந்தச் சட்டத்தில் கேட்கலாமா?

அவர் அரசு ஊழியர் என்றால் கேட்டுப் பார்க்கலாம். அதைவிட நேரான வழி கோர்ட்டிலேயே இருக்கிறது. ஜீவனாம்ச வழக்குகளில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் வக்கீலிடம் அதைக் கேளுங்கள்.

நிவாரணப் பட்டியலில் பெயர்களைப் போடுவது சரியா? ஏழை என்பதை ஊருக்குச் சொல்வதுபோல் ஆகாதா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒக்கி நினைவு வரும். 2017 நவம்பர் 29 இரவும் அடுத்த நாளும் அடித்த புயல் அது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கடற்கரை முழுக்க, ஆழ்கடலுக்குப் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தேவாலயப் பங்குகளில் ஆட்கள் வீடு வீடாகப் போய் எழுதிய எண்ணிக்கை ஒன்று, அரசு சொன்ன எண்ணிக்கை ஒன்று. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பெயர், ஊர், படகு என்று எழுதிய தாளை எல்லாரும் பார்க்க முடிந்ததால்தான், விட்டுப்போன பெயரைச் சேர்க்கச் சொல்லி ஒரு வீட்டார் போய் நிற்க முடிந்தது. ‘அந்தரங்கம்’ என்று சொல்லி அன்று அந்தத் தாளை மூடி வைத்திருந்தால் யாருக்கு லாபம்?

அதே பட்டியலில் நிவாரணம் போகும் வங்கிக் கணக்கு எண்ணும் போன் நம்பரும் இருந்தால் வேறு கதை. இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அறிவித்த சமயம் அது. கணவரை இழந்த பெண்ணின் கையில் இவ்வளவு பணம் வருகிறது, இன்ன வங்கியில், இன்ன நம்பரில் என்று தெரிந்தால், கடன் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு எத்தனை பேர் படியேறுவார்கள்!

அதனால் என் கணக்கு இப்படி. பெயர், ஊர், திட்டம், தொகை, தேதி இருக்கட்டும். மானியம் பெறுகிறவர்களின் விவரத்தை அலுவலகமே வெளியிட வேண்டும் என்று 4-வது பிரிவும் சொல்கிறது. நூறு நாள் வேலையில் வருகைப் பதிவேட்டைக் கிராம சபையில் வாசிப்பதும் இதற்காகத்தான். வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் கூலி போவதை ஊர்க்காரனால்தான் கண்டுபிடிக்க முடியும். கணக்கு எண், ஆதார், போன், நோய் விவரம் இவை வேண்டாம். எச்.ஐ.வி. சிகிச்சை, மனநல உதவி, பாலியல் கொடுமையில் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு என்று திட்டத்தின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும் இடங்களில் பெயரும் வேண்டாம். எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் போதும்.

இறப்புச் சான்றில் மரணக் காரணம் இல்லையே, அதை எப்படிப் பெறுவது?

1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவில், பதிவேட்டிலிருந்து கொடுக்கும் நகலில் மரணக் காரணம் இருக்கவே கூடாது என்று இருக்கிறது. தற்கொலை, குடி, நோய் என்று எதுவாக இருந்தாலும் குடும்பம் அதைத் தாளில் சுமக்க வேண்டியதில்லை. இன்சூரன்சுக்கு வேண்டும் என்றால் ஆஸ்பத்திரியில் டாக்டர் கொடுக்கும் சான்றையோ பிரேதப் பரிசோதனை அறிக்கையையோ வாங்கிக் கொடுங்கள்.

முதல் தகவல் அறிக்கை?

இணையத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய வசதி மோசமான இடங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவற்றை ஏற்றக் கூடாது.

வாங்கிய காகிதத்தை வாட்ஸாப் குரூப்பில் போடலாமா?

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலிருந்தே தொடங்கலாம். ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடப் போனபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: ஒருவருடைய சொந்த வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது, ஆனால் பொது ஆவணத்தில் ஏறிவிட்ட விஷயத்தை எழுதலாம். அரசு அதிகாரி தன் கடமையில் செய்ததற்கு அந்தரங்கம் என்ற கவசம் கிடையாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மட்டும், அது ஆவணத்திலேயே இருந்தாலும் வெளியிடக் கூடாது.

ஆக, பாலம் கட்டியதாக எழுதிய பில்லைத் தாராளமாகப் போடுங்கள். போடுவதற்கு முன்னால் ஒருமுறை முழுக்கப் பாருங்கள். ஒருமுறை எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பதிலோடு, சம்பந்தமே இல்லாத ஐந்தாறு பேரின் ரேஷன் கார்டு நகல்கள் பின் அடித்து வந்தன. போன் நம்பர், குழந்தைகளின் வயது எல்லாம் தெளிவாக இருந்தது. கேட்ட தகவல் மட்டும் அதில் இல்லை. ரேஷன் கார்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, கேட்டதற்கு மேல்முறையீடு எழுதினேன்.

குவாரி அனுமதி பற்றிக் கேட்க ஆசை. ஆனால் என் பெயர் வெளியே போனால்?

பயம் வீண் இல்லை. மலையை உடைத்துக் கேரளத்துக்கு லாரி லாரியாகக் கொண்டுபோகும் தொழிலில் புழங்கும் பணம் சாதாரணமானது அல்ல. எங்கள் பக்கத்துக்காரர் ஒருவருக்கு நான் அப்படி ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பதில் வருவதற்கு முன்பே, ‘எதுக்கு மக்கா உனக்கு இந்த வேலை’ என்று அவருக்குப் போன் வந்தது. மனுவில் இருந்த நம்பர் எப்படி அங்கே போயிற்று என்று அந்த அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை.

அனுமதி உத்தரவு, எத்தனை கன மீட்டர் உடைக்கலாம், எத்தனை வருடம், கட்டிய உரிமத்தொகை, ஆய்வுக்கு வந்த தேதி, இவையெல்லாம் அரசு செய்த காரியம். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் தரப்பில், தொடர்பு கொள்ளத் தேவையானதுக்கு மேல் எதையும் எழுத வேண்டாம் என்று 6(2) சொல்கிறது. போன் நம்பர் கட்டாயம் இல்லை. தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும், வீட்டு முகவரியைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. மத்தியப் பணியாளர் துறை அதைச் சுற்றறிக்கையாகவும் அனுப்பியது. தனியாகப் போடப் பயம் என்றால், ஒரே கேள்வியை வேறு வேறு ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் போடுங்கள். யாரை மிரட்டுவது என்று அவர்களுக்கே குழப்பமாகிவிடும்.

மறுத்துவிட்டால்?

மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டலாம். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ மறுத்தாலோ 30 நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதற்கு மேல் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் காத்திருப்பு நீளும். அதனால் முதல் மேல்முறையீட்டைக் கவனமாக எழுதுங்கள். மறுத்ததற்கு எந்தப் பிரிவைச் சொன்னார்கள், அது ஏன் பொருந்தாது, 10-ஆம் பிரிவின்படி எதை மறைத்து எதைத் தரலாம் என்று மூன்று பத்தி போதும்.

மனுவோடு என் ஆதார் நகலை இணைக்க வேண்டுமா?

வேண்டாம். கேட்டாலும் கொடுக்காதீர்கள்.